பெரிசு, சிறிசு அடையாளம் பிழைக்காம போடுறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

பின்னேரங்கள்ல எங்கட வீட்டு விறாந்தையில தரம் 5 பிள்ளையள்ல இருந்து ஓஎல் (தரம் 11 சோதினை) எடுக்கிற ஆக்கள் வரைக்கும் கணக்கு சொல்லிக் குடுக்கிறன், திருகோணமலையில உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் எண்டு பல பக்கத்தால வருகினம். இந்த > அடையாளத்தையும் < அடையாளத்தையும் பார்த்து எந்தப் பக்கம் திறக்கோணும் எண்டு தடுமாறுற பிள்ளையள் கனக்க. ஆனா கிட்ட இருந்து பார்த்தா, அடையாளத்தில பிழை விடுறவை குறைவுதான். அதுக்கு முன்னால செய்யவேண்டிய நாலைஞ்சு வேலைய விட்டுட்டு நேரா அடையாளத்துக்குப் பாயிறதாலதான் பிழைக்குது. அதால இங்க ஒழுங்குதான் முக்கியம், அடையாளம் கடைசியாத்தான் வரும். பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற அம்மாமாருக்கும் சேர்த்துத்தான் எழுதுறன், சந்தையிலயும் கடையிலயும் தேவைப்படுறது இதே கணக்குத்தான்.

தொடங்க முதல் எடுத்து வைக்கவேண்டியது

சதுரக் கோட்டுக் கொப்பி ஒண்டு, பென்சில், அழிறப்பர், பிறகு தையல்காரர் வச்சிருக்கிற அளவு டேப் ஒண்டு. டேப் ஏன் எண்டா அதுதான் வீட்டில கிடக்கிற நல்ல எண் கோடு, நிலத்தில நீட்டி விரிச்சா பிள்ளை விரல் வச்சுப் பார்க்கலாம். போன் கல்குலேட்டர் கடைசி ஸ்டெப்புக்கு மட்டும். முதலே கையில குடுத்தா பிள்ளை எண்ணைத் தட்டுமே தவிர எண் எவ்வளவு பெரிசு எண்டு யோசிக்காது.

1. எதை எதோட ஒப்பிடுறம் எண்டு வாயால சொல்லுங்கோ

கேள்விய வாசிச்ச உடன பென்சில எடுக்க விடாதேங்கோ. "இது விலையோட விலையா, பாரத்தோட பாரமா, வயசோட வயசா?" எண்டு ஒரு வசனம் சொல்லட்டும்.

காரணம் இருக்கு. கடைக் கொப்பியில ஒராளுக்கு 500 ரூபா கடன், இன்னொராளுக்கு 2000 ரூபா கடன் எண்டு வைப்பம். ஆருக்குக் கடன் கூட எண்டு கேட்டா 2000 காரருக்கு. ஆற்ற நிலைமை பரவாயில்லை எண்டு கேட்டா 500 காரருக்கு. ஒரே ரெண்டு எண்தான், ஆனா கேள்வி மாறினா விடை தலைகீழா மாறுது. எதை ஒப்பிடுறம் எண்டு சொல்லாம போட்ட அடையாளம் சரியா வந்தாலும் அது குருட்டு வாய்ப்புத்தான்.

2. அலகை ஒண்டாக்குங்கோ

எண்ணைப் பார்க்க முதல் அலகைப் பாருங்கோ. கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளம். 396 மீட்டர் பெரிசா 0.4 கிலோமீட்டர் பெரிசா எண்டு கேட்டா பத்துப் பிள்ளையில எட்டு 396 எண்டுதான் சொல்லும், ஏனெண்டா கண்ணுக்கு 396 பெரிசா அடிக்குது. 0.4 கிலோமீட்டர் எண்டா 400 மீட்டர். இப்ப பாருங்கோ, 396 < 400.

மாத்தேக்குள்ள சின்ன அலகுக்கு மாத்துங்கோ, கிலோவை கிராமா, லீற்றரை மில்லிலீற்றரா, ரூபாயை சதமா. அப்பிடிச் செய்தா தசமமும் பின்னமும் அனேகமாக் காணாமப் போயிடும், முழு எண்ணை ஒப்பிடுறது ஆருக்கும் லேசு.

காய்ச்சல் பார்க்கேக்க இந்த விசயம் விளையாட்டில்லை. ஒரு வீட்டில பழைய தெர்மாமீட்டர் பாரன்ஹைட்டில இருந்தது, ராத்திரி 100 காட்டியிருக்கு. விடிய புதுசு ஒண்டு வாங்கிப் பார்த்தா 38.5 எண்டு நிக்குது, அம்மம்மா "அப்பாடா, இறங்கிட்டுது" எண்டிருக்கிறா. புதுசு செல்சியஸ். 38.5 செல்சியஸ் எண்டா 101.3 பாரன்ஹைட், காய்ச்சல் கூடித்தான் இருந்தது. மாத்திற வழி லேசு, செல்சியஸை 1.8 ஆல பெருக்கி 32 ஐக் கூட்டுங்கோ.

இன்னொண்டு, அலகு ஒண்டாக்கின பிறகு ரெண்டும் சமனா வரக்கூடும், அதைப் பிள்ளையள் நினைச்சே பார்க்கிறேல்ல. 20 பேர்ச் காணி பெரிசா, ஏக்கரில எட்டில ஒண்டு பெரிசா? ஏக்கருக்கு 160 பேர்ச், எட்டால பிரிச்சா 20. ரெண்டும் ஒண்டுதான், = போடோணும். பெரிசு அல்லது சிறிசு எண்டு ரெண்டு விடைதான் இருக்கெண்டு நினைக்கிற பிள்ளை இந்த இடத்தில கட்டாயம் ஒண்டைத் தெரிஞ்சு பிழை விடும்.

3. எண் கோட்டில வைச்சுப் பாருங்கோ

வலப்பக்கம் இருக்கிறது எப்பவும் பெரிசு, இடப்பக்கம் இருக்கிறது சிறிசு. முழு எண், தசமம், பின்னம், மறை எண் (பூச்சியத்துக்குக் கீழ உள்ளது) எல்லாத்துக்கும் இந்த ஒரு விதி போதும், விதிவிலக்கு கிடையாது. அதாலதான் அடையாளத்தை முதலையின்ர திறந்த வாயாக் காட்டுற கதைய நான் கடைசிக்குத் தள்ளி வச்சிருக்கிறன். முதலை பெரிசைத்தான் சாப்பிடும் எண்டு சொல்லிக் குடுக்கலாம், ஆனா எது பெரிசு எண்டு முதலைக்கும் ஆராவது சொல்லித்தானே ஆகோணும்.

முழு எண்ணில அதிகம் சொல்ல ஒண்டுமில்லை. இலக்கம் எத்தினை எண்டு எண்ணுங்கோ, கூட இலக்கம் உள்ளது பெரிசு. சம எண்டா இடப்பக்கத்தில இருந்து ஒவ்வொண்டாப் பாருங்கோ, முதல் வித்தியாசம் வாற இடத்தில முடிவு தெரிஞ்சிடும். 4,879 உம் 4,897 உம் எண்டா பத்தாம் இடத்தில 7 உம் 9 உம், அதுக்குப் பிறகு வாறதைப் பார்க்கவே தேவையில்லை. ஏன் எண்டா அந்த இடத்தில ஒரு பத்து கூடினா, ஒண்டாம் இடத்தில 9 வந்தாலும் அதை ஈடு செய்ய ஏலாது.

4. தசமம்: இலக்கம் எண்ணுற பழக்கத்தை இங்க கொண்டு வராதேங்கோ

முழு எண்ணுக்குச் சரியா வந்த "இலக்கம் கூடினா பெரிசு" தசமத்தில காலை வாரும். 0.45 பெரிசா 0.5 பெரிசா? 45 எண்டா 5 ஐ விடப் பெரிசுதானே எண்டு சொல்லும் பிள்ளையள்.

தரம் 6 பிள்ளை ஒண்டு, தாய் வீட்டில தைக்கிறவா, இதே பிழையத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தது. பத்துத் தரம் விளங்கப்படுத்தியும் தலையாட்டிப்போட்டு அடுத்த கணக்கில திரும்பவும் அதே பிழை. கடைசியில டேப்பை நிலத்தில விரிச்சு, "0.5 மீட்டர் துணி வெட்டோணும், எங்க வெட்டுவாய்?" எண்டு கேட்டன். 50 இல விரலை வச்சுது. "0.45 மீட்டர்?" கொஞ்சம் யோசிச்சுது, விரல் மெதுவா இடப்பக்கம் போய் 45 இல நிண்டுது. பிறகு ஒண்டும் கதைக்கேல்ல, கொப்பிய இழுத்து எடுத்து தான் போட்ட அடையாளத்தைத் தானே அழிச்சுது. அதுக்குப் பிறகு அந்தப் பிழை வரேல்ல.

கொப்பியில செய்யிற வழி இது: தசமப் புள்ளிய ஒண்டுக்குக் கீழ ஒண்டா நேர வச்சு எழுதி, குறையிற இடத்துக்கு பூச்சியம் போடுங்கோ. 0.45 உம் 0.50 உம். பூச்சியம் போடலாமா எண்டு பயப்பிடுற பிள்ளைக்கு, 5 பத்துச்சதக் காசும் 50 ஒருசதக் காசும் ஒரே பெறுமதி எண்டு சொல்லுங்கோ, பெறுமதி மாறேல்ல, துண்டுதான் சின்னதாகுது.

கிரிக்கெட் பார்க்கிற பெடியளுக்கு ஒரு எச்சரிக்கை. 19.5 ஓவர் எண்டா பத்தொன்பதரை ஓவர் இல்லை, 19 ஓவரும் 5 பந்தும். புள்ளிக்குப் பிறகு 6 பந்தோட ஓவர் முடியிறதால அது தசமமே இல்லை. ஓவர் எழுதுறதப் பார்த்துத் தசமம் பழகின பெடியன் 0.5 க்குப் பிறகு 1 வரும் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறதை நான் கண்டிருக்கிறன்.

5. பின்னம்: முழுசு ஒண்டா எண்டு முதல்ல பாருங்கோ

ஒரு பாணை மூண்டாப் பங்கிட்டா ஒராளுக்கு 1/3, நாலாப் பங்கிட்டா 1/4. ஆக்கள் கூடக் கூட பங்கு சிறிசாகும், அதால 1/3 > 1/4. பகுதி எண் (கீழ இருக்கிறது) பெரிசானா பின்னமும் பெரிசு எண்டு நினைக்கிற பிள்ளைக்கு இந்தப் பாண் ஒண்டே போதும், ஆனா உண்மையா வெட்டிக் காட்டுங்கோ, படம் கீறினா துண்டு சமனா வராது.

பார்க்கிற ஒழுங்கு இப்பிடி வச்சுக்கொள்ளுங்கோ. பகுதி எண் ரெண்டிலயும் ஒண்டெண்டா தொகுதி எண்ணை (மேல இருக்கிறதை) மட்டும் பாருங்கோ, 5/8 > 3/8. தொகுதி எண் ஒண்டெண்டா பகுதி எண் சிறிசானதுதான் பெரிய பின்னம், 3/5 > 3/8. ரெண்டும் இல்லை எண்டா அரையோட ஒப்பிட்டுப் பாருங்கோ, 4/9 அரைக்குக் கீழ, 5/8 அரைக்கு மேல, விடை வந்திட்டுது, பெருக்கவே தேவையில்லை.

இதுவும் சரிவராட்டித்தான் குறுக்கப் பெருக்கிறது. 3/5 உம் 4/7 உம்: 3 ஐ 7 ஆல பெருக்க 21, 4 ஐ 5 ஆல பெருக்க 20, ஆகவே 3/5 > 4/7. ஏன் சரிவருது எண்டா ரெண்டையும் 35 துண்டாக்கிப் பார்க்கிறம், 21/35 உம் 20/35 உம். இந்தக் காரணம் தெரியாம குறுக்கப் பெருக்கிற பிள்ளை எந்த விடையை எந்தப் பக்கம் எழுதுறது எண்டு மறந்திடும். தொகுதி எண் எந்தப் பக்கம் இருந்துதோ விடையும் அந்தப் பக்கந்தான்.

இவ்வளவும் ஒரே அளவான முழுசுக்குத்தான். சின்னப் பாணில பாதியும் பெரிய பாணில மூண்டில ஒண்டும் எண்டா எது கூட எண்டு பின்னத்தை மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது. பங்கு பிரிக்கேக்க சண்டை வாற இடமும் இதுதான்.

6. மறை எண்: பூச்சியத்தில இருந்து எவ்வளவு தூரம் எண்டு பார்க்காதேங்கோ

−9 பெரிசா −2 பெரிசா? கண் 9 ஐத்தான் பார்க்குது. எண் கோட்டில −9 இடப்பக்கம் தூரத்தில நிக்குது, அதால −9 < −2.

பெடியளுக்கு நெட் ரன் ரேட் சொன்னா உடன விளங்கும். ரெண்டு ரீமுக்கும் ஒரே புள்ளி, ஒண்டுக்கு −0.4, மற்றதுக்கு −1.1. புள்ளிப் பட்டியல்ல ஆர் மேல நிப்பினம்? −0.4 காரர் எண்டு யோசிக்காம சொல்லுவினம். அதே கணக்கைக் கொப்பியில குடுத்தா பிழை விடுகினம், ரெண்டும் ஒண்டுதான் எண்டு தெரியாததால. கடன் உதாரணமும் அதேதான், 500 ரூபா கடன் எண்டா −500, 2000 ரூபா கடன் எண்டா −2000, கையிருப்பு எண்டு பார்த்தா −2000 < −500.

ஓஎல் பிள்ளையளுக்கு: சமனிலிய, அதாவது பெரிசு சிறிசு அடையாளம் போட்டு எழுதினதை, மறை எண்ணால பெருக்கினா அல்லது பிரிச்சா அடையாளம் திரும்பும். 3 > 2, ஆனா −3 < −2. பூச்சியத்தில ஒரு கண்ணாடி வச்ச மாதிரி வலது இடதாப் போகுது, அதுதான் காரணம். −2x > 6 எண்டா x < −3. சந்தேகம் எண்டா ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கோ, x க்கு −4 போட்டா 8 வருது, 8 > 6, சரி. கூட்டுறதுக்கும் கழிக்கிறதுக்கும் அடையாளம் திரும்பாது, இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ, இல்லாட்டி மறை எண் கண்ட இடமெல்லாம் திருப்பத் தொடங்கிடுவினம்.

7. இப்பதான் அடையாளம்

திறந்த பக்கம் பெரிய எண்ணுக்கு, கூர் சின்ன எண்ணுக்கு. 7 > 4 எண்டதும் 4 < 7 எண்டதும் ஒரே விசயம், எழுதுற ஒழுங்குதான் வேற. வாசிக்கேக்க எப்பவும் இடப்பக்கத்தில இருந்து: "ஏழு, நாலை விடப் பெரிசு."

இந்த "விட" எண்ட சொல்லுத்தான் எங்கட பிள்ளையளை விழுத்துறது, இதைக் கவனிக்க எனக்கே கன நாள் எடுத்தது. நாங்க கதைக்கேக்க "நாலை விட ஏழு பெரிசு" எண்டுதான் சொல்லுவம். நாலு முதல்ல வருது, ஏழு பிறகு வருது, கடைசியில பெரிசு. பிள்ளை கேட்ட ஒழுங்கிலயே எழுதுது: 4, பிறகு 7, நடுவில "பெரிசு" அடையாளம். 4 > 7 எண்டு வந்து நிக்குது. பிள்ளைக்கு நாலு சின்னது எண்டு நல்லாத் தெரியும், வசனத்தை அப்பிடியே இறக்கினதுதான் பிழை.

அதால "விட" வந்தா வசனத்தை ஒருக்காத் திருப்பிச் சொல்ல வையுங்கோ. விட ஒட்டியிருக்கிற எண் வலப்பக்கம் போகோணும், மற்றது இடப்பக்கம். "நாலை விட ஏழு பெரிசு" என்டது "ஏழு, நாலை விடப் பெரிசு" ஆகும், இப்ப அப்பிடியே 7 > 4 எண்டு எழுதலாம்.

வசனக் கணக்கிலயும் இதே குழிதான். "அக்காவை விடத் தம்பியிட்ட 200 ரூபா குறைவு, தம்பியிட்ட 500 ரூபா இருக்கு, அக்காவிட்ட எவ்வளவு?" குறைவு எண்ட சொல்லைக் கண்ட உடன 500 இல இருந்து 200 ஐக் கழிச்சு 300 எண்டு எழுதுவினம். ஆர் குறைவு? தம்பி. அப்ப தம்பி < அக்கா எண்டு முதல்ல எழுதச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு 300 எண்டு எழுதக் கை வராது, 700 தான் வரும்.

8. எல்லை எண் உள்ளயா வெளியயா

இதுதான் பெரிய ஆக்களும் பிழை விடுற இடம். அடையாளத்துக்குக் கீழ ஒரு கோடு வந்தா (≥, ≤) எல்லை எண்ணும் சேர்த்தி, கோடு இல்லாட்டி சேர்த்தி இல்லை.

"ஆகக் குறைஞ்சது 10 பேர் வேணும்" எண்டா 10 பேர் வந்தாலும் சரி, 15 பேர் வந்தாலும் சரி, ஆகவே ≥ 10. சொல்லில குறை இருக்கு, அடையாளம் பெரிசுப் பக்கம். "ஆகக் கூடினது 10 பேர்" எண்டா ≤ 10. சொல்லில கூட இருக்கு, அடையாளம் சிறிசுப் பக்கம். சொல்லைப் பார்த்து அடையாளம் போட்டா ரெண்டுமே தலைகீழாப் போகும். "பத்துக்குக் குறையாம" எண்டது ≥ 10, "பத்துக்கு மேற்படாம" எண்டது ≤ 10.

நிலாவெளியில புறாத் தீவுக்குப் போற படகில "10 பேருக்கு மேல ஏத்த ஏலாது" எண்டு சொன்னா 10 பேர் ஏறலாம், பதினோராவது ஆள்தான் ஏற ஏலாது. "5 வயசுக்குக் கீழ் இலவசம்" எண்டு போட்டிருந்தா ஐஞ்சு முடிஞ்ச பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கோணும். ஓஎல்ல 75 எடுத்தா ஏ, ஆகவே புள்ளி ≥ 75. 65 இல இருந்து 74 வரைக்கும் பி, அங்க ரெண்டு எல்லையும் சேர்த்தி. வாக்குப் போட 18 வயசு நிறைஞ்சிருக்கோணும், வயசு ≥ 18.

சோதிக்கிறதுக்கு ஒரே வழிதான் சொல்லுவன்: எல்லை எண்ணையே எடுத்து, "சரியா இவ்வளவு வந்தா விடுவினமா, மாட்டினமா?" எண்டு கேளுங்கோ. விடுவினம் எண்டா கீழ கோடு போடுங்கோ.

9. சந்தைக்கும் கடைக்கும் கொண்டு போங்கோ

மீன் சந்தையில ஒராள் கிலோ 900 ரூபா எண்டு விக்கிறார், பக்கத்தில ஒராள் கூறு 600 ரூபா எண்டு விக்கிறார் எண்டு வைப்பம். 600 < 900 எண்டு பார்த்துக் கூறை எடுக்கக்கூடாது, விட்டுட்டுப் போகவும் கூடாது, நிறுத்துத் தரச் சொல்லுங்கோ. கூறு 700 கிராம் நிண்டா கிலோ ஏறக்குறைய 857 ரூபா விழுது, கூறுதான் மலிவு. 600 கிராம் எண்டா கிலோ 1000 ரூபா, கூறு நட்டம்.

பால்மாப் பைக்கற்றிலயும் அப்பிடித்தான். உதாரணத்துக்கு 400 கிராம் 1000 ரூபா, ஒரு கிலோ 2600 ரூபா எண்டு வைச்சுப் பாருங்கோ. 100 கிராமுக்கு 250 உம் 260 உம். பெரிய பைக்கற் எப்பவும் லாபம் எண்டு நினைக்கிறம், கணக்குப் பார்த்தாத்தான் தெரியும்.

கழிவு போட்டிருந்தா ரூபாயா மாத்திப்போட்டுத்தான் ஒப்பிடோணும். 20 சதவீதக் கழிவா 300 ரூபா கழிவா நல்லது? 1200 ரூபாச் சாமானுக்கு 20 சதவீதம் 240 ரூபா, 300 தான் நல்லது. 2000 ரூபாச் சாமானுக்கு 400 ரூபா, இப்ப சதவீதம் நல்லது. சரியா 1500 ரூபாயில ரெண்டும் சமன். "3 வாங்கினா 1 இலவசம்" எண்டா நாலுக்கு மூண்டின்ர காசு, அது 25 சதவீதக் கழிவுதான், 30 சதவீதக் கழிவு அதை விட நல்லது. அதுவும் நாலும் தேவைப்பட்டாத்தான்.

10. சரி பார்க்கிறது

இப்ப கல்குலேட்டரைக் குடுக்கலாம். இடப்பக்க எண்ணில இருந்து வலப்பக்க எண்ணைக் கழியுங்கோ. நேர் எண் வந்தா >, மறை எண் வந்தா <, பூச்சியம் வந்தா =. மிச்சம் இருந்தா இடப்பக்கம் கூட, போதாம போனா குறைவு, காசு எண்ணுற மாதிரித்தான்.

பிள்ளைக்குக் குடுத்துப் பார்க்க அஞ்சு கணக்கு: 1.25 லீற்றரும் 1.5 லீற்றரும், 5/9 உம் 3/7 உம், −3.2 உம் −3.15 உம், 850 கிராமும் 0.9 கிலோவும், "கூட்டத்துக்கு 25 பேருக்குக் குறையாம வரோணும்" எண்டதை அடையாளத்தில எழுதுறது.

விடை ஒழுங்கா: <, >, <, <, ≥ 25. மூண்டாவதில கனபேர் பிழை விடுவினம். மறை அடையாளம் இல்லாம எண்டா 3.20 > 3.15, மறை வந்த உடன கண்ணாடி மாதிரித் திரும்பி −3.20 < −3.15. பிள்ளை பிழை விட்டா விடையச் சொல்லாதேங்கோ, பூச்சியத்தில இருந்து இடப்பக்கமா ஒரு கோடு கீறிக் குடுத்து, ரெண்டு எண்ணும் எங்க நிக்குது எண்டு புள்ளி வைக்கச் சொல்லுங்கோ.